கிளைக்கு ஒரு முதல் எண்: எக்ஸ்டென்ஷன் கேள்வி–பதில்

பல கிளைகளை ஒரே ஐபி போன் அமைப்பில் கோத்து வைத்திருப்பவர்களும், இனிமேல் கோக்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். எக்ஸ்டென்ஷன் என்பது அலுவலகத்துக்குள் ஒரு போனுக்குக் கொடுக்கும் குறுகிய எண். பதில்களில் சர்வர் என்று வரும் இடமெல்லாம் போன்கள் பதிவாகும் பிபிஎக்ஸையே, அதாவது அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகத்தையே, குறிக்கும்.

கேள்வி: மூன்று கிளைகள். தலைமை அலுவலகத்தில் 120 போன், மற்ற இரண்டில் 40, 25. மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன் போதுமா, நான்கு வேண்டுமா?

நான்கு. போன்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டவில்லை என்பதால் மூன்று இலக்கம் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே எண்ணவேண்டியது போன்களை அல்ல, முதல் இலக்கங்களை. மூன்று இலக்கத் திட்டத்தில் ஒரு கிளைக்கு ஒரு முதல் இலக்கம் கொடுத்தால் அந்தக் கிளைக்குக் கிடைப்பது 100 எண்கள்தான். உங்கள் தலைமை அலுவலகம் இன்றைக்கே அதில் அடங்காது.

முதல் இலக்கம் கிளை, அடுத்த மூன்றும் கிளைக்குள் வரிசை எண் என்று வையுங்கள். தலைமை 2000–2999, இரண்டாவது 3000–3999, மூன்றாவது 4000–4999. 0, 1, 9 மூன்றையும் எந்தக் கிளைக்கும் கொடுக்காதீர்கள். 0 வழக்கமாக ஆபரேட்டருக்கோ வெளி லைனுக்கோ போய்விடும். 1இல் தொடங்கினால் 112 போன்ற அவசர எண்கள் குறுக்கிடும். 9இல் 911, 999 இரண்டும் உண்டு. அதோடு பல இடங்களில் வெளி லைனுக்கும் 9தான். 9ஐ அழுத்தி, அமெரிக்காவில் தொலைதூர எண்ணுக்கு அடுத்து வரவேண்டிய 1ஐக் கை தவறி இருமுறை தட்டினாலே அவசர உதவி மையத்துக்கு மணி அடித்துவிடும். 8ஐ வாய்ஸ்மெயில், கான்ஃபரன்ஸ் அறை, ரிங் குரூப் (ஒரே எண்ணுக்குப் பல போன்கள் சேர்ந்து அடிப்பது) ஆகியவற்றுக்கு வைத்துக்கொண்டால் கிளைகளுக்கு 2 முதல் 7 வரை ஆறு இடங்கள் மிஞ்சும். ஆறுக்கு மேல் கிளை வரும் வாய்ப்பு இருந்தால் இப்போதே ஐந்து இலக்கத்துக்குப் போய், முதல் இரண்டைக் கிளைக்குக் கொடுங்கள்.

ஒரே முதல் இலக்கத்தில் மூன்று இலக்க எண்ணையும் நான்கு இலக்க எண்ணையும் கலக்கவே கூடாது. 212 ஒருவருக்கும் 2125 இன்னொருவருக்கும் இருந்தால், 212 அழுத்தியவருக்கு நான்காவது இலக்கம் வருமா வராதா என்று அமைப்பு காத்திருக்கும். சிஸ்கோ கால் மேனேஜரில் இந்தக் காத்திருப்பு, மாற்றாமல் விட்டால், 15 விநாடி. ‘போன் ரொம்ப ஸ்லோ’ என்று வரும் புகார்களில் பாதி நெட்வொர்க் பிரச்சினையே அல்ல, இதுதான்.

எண்ணுக்குள் துறையையும் நுழைக்க ஆசை வரும்: 21 என்றால் கணக்கு, 22 என்றால் விற்பனை. வேண்டாம். துறைகள் பிரியும், சேரும், பெயர் மாறும். எண்ணைப் பார்த்தால் அழைப்பு எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்; ஆள் யார் என்பதை டைரக்டரி சொல்லட்டும்.

கேள்வி: இரண்டு நிறுவனங்கள் இணைந்துவிட்டன. இரண்டிலும் எக்ஸ்டென்ஷன் 101 முதல் 160 வரை. விசிட்டிங் கார்டு, மின்னஞ்சல் கையெழுத்து எல்லாவற்றிலும் எண் அச்சாகிவிட்டது. யாருடைய எண்ணையும் மாற்றாமல் இணைக்க முடியுமா?

முடியும், ஆனால் தற்காலிகமாக மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முதல் அலுவலகத்துக்கு 2, இரண்டாவதற்கு 3 என்று முன்னொட்டு கொடுங்கள். முதல் அலுவலகத்தில் இருப்பவர் எதிர் அலுவலகத்தின் 101ஐ அழைக்க 3101 அழுத்துவார். அவருடைய சர்வர், 3இல் தொடங்கும் நான்கு இலக்க எண் என்று பார்த்து, முதல் இலக்கத்தை வெட்டிவிட்டு 101ஐ ட்ரங்க்கில், அதாவது இரண்டு சர்வர்களையும் இணைக்கும் லைனில், அனுப்பும். இந்தப் பாதியை எல்லோரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

கோட்டை விடுவது மறு பாதியில். இரண்டாவது அலுவலகத்தின் 101 இங்கே அழைக்கும்போது, அழைப்பவர் எண்ணும் வெறும் 101 என்றே வந்து சேரும். பெறுபவரின் போன் தன் டைரக்டரியில் தேடி, தங்கள் அலுவலகத்து 101இன் பெயரைத் திரையில் காட்டும். மிஸ்டு காலைப் பார்த்துத் திருப்பி அழைத்தால் பக்கத்து மேஜையில் மணி அடிக்கும். எனவே அழைப்பவர் எண்ணின் முன்னாலும் கிளை இலக்கத்தைச் சேர்க்கவேண்டும். அதை அனுப்பும் சர்வர் செய்யுமா, பெறும் சர்வர் செய்யுமா என்பதை ஒரே இடமாக முடிவு செய்து எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் திரையில் 33101 வரும். அனுப்பும் பக்கம் செய்வதே நல்லது. மூன்றாவது கிளை ஒன்று நாளைக்குச் சேர்ந்தாலும் பழைய சர்வர்களைத் தொடவேண்டி வராது.

இதைத் தொடங்குமுன் முதல் அலுவலகத்தில் 3இல் தொடங்கும் மூன்று இலக்க எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 310 என்று ஒரு ரிங் குரூப் இருந்தாலும் 3101உடன் மோதும். எக்ஸ்டென்ஷன் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது. க்யூ (அழைப்பவர்கள் வரிசையில் காத்திருக்கும் எண்), கான்ஃபரன்ஸ், பார்க்கிங் (அழைப்பை நிறுத்திவைத்து வேறு போனில் எடுக்கும் எண்) ஆகியவற்றையும் பாருங்கள். ஆஸ்டரிஸ்க் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளின் மாதிரி அமைப்பில் கால் பார்க்கிங் 700இலும், அதன் இடங்கள் 701–720இலும் இருக்கும். 7ஐக் கிளைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் இதை முதலில் நகர்த்தவேண்டும்.

அடுத்த கட்டம்: 2101, 3101 என்பவற்றையே உண்மையான எக்ஸ்டென்ஷன் ஆக்கி, பழைய 101ஐ அந்தந்த அலுவலகத்துக்குள் மட்டும் செல்லும் மாற்றுப் பெயராக வையுங்கள். இரண்டு மூன்று மாதம் அப்படியே ஓடட்டும். அழைப்புப் பதிவிலிருந்து இன்னும் பழைய எண்ணை யார் அழுத்துகிறார்கள் என்று வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆட்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். பழகாதவை இயந்திரங்கள்: கதவு போன், லிஃப்ட் போன், ஃபேக்ஸ் மெஷினின் ஷார்ட்கட் பட்டன், ஆட்டோ அட்டென்டன்ட் மெனு, வாய்ஸ்மெயிலை மின்னஞ்சலுக்கு அனுப்பும் விதி, யாரோ எப்போதோ போட்டு மறந்த கால் ஃபார்வர்ட். பதிவில் பழைய எண்கள் நின்றபிறகு ஒரு மாதம் ‘எண் மாறிவிட்டது’ என்ற அறிவிப்பை ஒலிக்கவிட்டு, அப்புறம் எடுத்துவிடலாம்.

கேள்வி: இல்லாத எக்ஸ்டென்ஷனை யாராவது தவறி அழுத்தினால், சில விநாடிகளில் இரண்டு கிளைக்கும் இடையிலான எல்லா லைனும் நிரம்பிவிடுகிறது. ஏன்?

இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. 3999 என்ற எண் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சர்வர் ‘3இல் தொடங்கினால் கிளைக்கு’ என்று அனுப்புகிறது. கிளைச் சர்வரில் ‘தெரியாத எண் எல்லாம் தலைமைக்கு’ என்று ஒரு பொது விதி இருக்கிறது. அது திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது லைன்.

ஐபி போன்கள் அழைப்பை அமைக்கப் பயன்படுத்தும் சிப் (SIP) நெறிமுறையில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு. ஒவ்வொரு கோரிக்கையும் வழக்கமாக 70 என்ற தாவல் எண்ணிக்கையோடு கிளம்பும். வழியில் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று குறையும். தீர்ந்துபோனால் 483 என்ற பிழை வரும். ஆனால் பிபிஎக்ஸ்கள் வந்த அழைப்பை அப்படியே கடத்துவதில்லை. அதை முடித்துக்கொண்டு மறுபக்கம் புதிதாக ஒரு அழைப்பைத் தொடங்குகின்றன. பழைய எண்ணிக்கையைக் கொண்டுசெல்லாத சர்வராக இருந்தால் கணக்கு மறுபடி 70இல் தொடங்கும். தடுப்பு வேலை செய்யாது.

தீர்வு: ட்ரங்க் வழியாக வரும் அழைப்புகளுக்கென்று தனி விதித்தொகுப்பு வையுங்கள். அதில் அந்தக் கிளையின் சொந்த எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் இருக்கட்டும். வேறு எந்த ட்ரங்க்கும் வேண்டாம். சொந்த வரிசையில் இல்லாத எண் வந்தால் 404 என்று சொல்லி முடித்துவிடவேண்டும். அந்த 404ஐப் பெற்ற சர்வர், ‘முதல் ட்ரங்க் பழுது’ என்று எண்ணி இரண்டாவது ட்ரங்க்கில் மறுபடி முயலாதபடியும் பாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கிளையின் சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டாலும், உங்கள் வெளி லைனில் வெளிநாட்டுக்குப் பேசித்தள்ள முடியாது.

கேள்வி: தலைமை அலுவலகத்துடன் இரண்டு கிளைகளும் நன்றாகப் பேசுகின்றன. கிளைகள் இரண்டும் தங்களுக்குள் பேசினால் மணி அடிக்கிறது, எடுக்கிறார்கள், சத்தமே இல்லை. சில நேரம் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

மணி அடிப்பதும் குரல் போவதும் வேறு வேறு வழி. அழைப்பை அமைக்கும் சிப் செய்திகள் 5060 என்ற போர்ட்டில் சர்வர் வழியாகப் போகின்றன. குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகளோ, அழைப்பு இணைந்தபின் போனிலிருந்து போனுக்கு நேராகப் போக முயலும். உங்கள் விபிஎன், அதாவது இணையத்தின் வழியே கிளைகளை இணைக்கும் தனிப் பாதை, நட்சத்திர வடிவில் இருக்கிறது: ஒவ்வொரு கிளையும் தலைமையோடு மட்டும் இணைந்திருக்கிறது. கிளையிலிருந்து கிளைக்கு ரூட் இல்லை, அல்லது ஃபயர்வால் அனுமதி ஒரு திசையில் மட்டும் இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு கிளையில் போன்கள் இருக்கும் அதே விலேனில் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்கில்) ஒரு கணினியைச் செருகி, மறு கிளைப் போனின் ஐபி முகவரிக்கு பிங் அனுப்புங்கள், எதிர்த்திசையிலும் அப்படியே. பிங் போனால் அடுத்து ஃபயர்வாலில் குரல் செல்லும் யுடிபி போர்ட் வரம்பைப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க்கின் வழக்கமான வரம்பு 10000–20000. ஆனால் போன்கள் நேராகப் பேசும்போது செல்லுபடியாவது போனில் குறித்த வரம்புதான், சர்வரின் வரம்பு அல்ல. நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள்.

ரூட்டைத் திறக்க முடியாவிட்டால், குரலைப் போனிலிருந்து போனுக்கு நேராக அனுப்பும் டைரக்ட் மீடியாவை சர்வரில் அணைத்துவிடுங்கள். குரல் சர்வர் வழியாகவே போகும். தலைமை அலுவலக இணைப்பில் கூடுதல் சுமை ஏறும், அவ்வளவுதான். அதோடு ரூட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருந்தால் அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைத் திருத்திக் குழப்புவது அதன் வேலை.

கேள்வி: சில அழைப்புகள் சரியாக அரை நிமிடத்தில் கட் ஆகின்றன. வேறு சில 15 நிமிடத்தில்.

நேரத்தைக் குறித்து வைத்தீர்களே, பாதி வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் கட் ஆவதற்குப் பின்னால் எப்போதும் ஒரு டைமர் இருக்கும்.

அரை நிமிடம் என்பது 32 விநாடி. எதிர்முனை போனை எடுத்ததும் 200 ஓகே என்ற பதில் போகும். அதற்கு ஏக் என்ற ஒப்புதல் திரும்பவேண்டும். வராவிட்டால் 200 ஓகே திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, அரை விநாடியின் 64 மடங்கான 32 விநாடியில் அழைப்பு கைவிடப்படும். ஒப்புதல் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சிப் செய்தியின் கான்டாக்ட் தலைப்பில் (அடுத்த செய்தியை எங்கே அனுப்புவது என்று சொல்லும் வரியில்) தவறான முகவரி. ஆஸ்டரிஸ்க்கில் வெளி முகவரியைக் கொடுத்துவிட்டு, விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கும் கிளைகளின் சப்நெட்டை (உள் ஐபி முகவரி வரம்பை) லோக்கல் நெட் பட்டியலில் சேர்க்க மறந்தால் இப்படித்தான் ஆகும். கிளைப் போனுக்குச் சர்வர் தன் பொது ஐபியைச் சொல்லும், போனின் ஒப்புதல் இணையத்தின் பக்கம் போய்த் தொலையும். புதிய கிளை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலைத் தொடவேண்டும்.

15 நிமிடம் என்பது செஷன் டைமர். வழக்கமான மதிப்பு 1800 விநாடி. பாதியில், அதாவது 900ஆவது விநாடியில், ‘இன்னும் இருக்கிறாயா’ என்று புதுப்பிப்புச் செய்தி போகும். நடுவில் ஒரு ஃபயர்வால் அதை விழுங்கினால் அழைப்பு அப்போதோ, 30 நிமிடத்தை நெருங்கும்போதோ முடிந்துவிடும். டைமரை அணைத்துவிட்டால் அறிகுறி மறையும். ஆனால் துண்டிக்கப்பட்ட அழைப்புகள் லைனைப் பிடித்தபடி தொங்கும். ஃபயர்வாலில் யுடிபி காலாவதியைக் கூட்டுங்கள், அல்லது ட்ரங்க்கை டிசிபிக்கு மாற்றி இடைவிடாத கீப்அலைவ் வையுங்கள்.

கேள்வி: கிளையின் இணைய இணைப்பில் அப்லோட் 2 எம்பிபிஎஸ். ஒரே நேரத்தில் 10 பேர் பேசலாமா?

பேசலாம், வேறு யாரும் கோப்பு அனுப்பாதவரை. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறையில்) குரல் 64 கேபிபிஎஸ்தான். ஆனால் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட். ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் தலைப்பு. ஆக 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் ஃபிரேமையும் சேர்த்தால் 87. விபிஎன் மறையாக்கம் பாக்கெட்டுக்கு இன்னும் 50 பைட்டுக்கு மேல் தின்னும். அழைப்புக்கு 110 என்று கணக்கு வையுங்கள், 10 பேருக்கு 1.1 எம்பிபிஎஸ்.

ஜி.729க்கு மாறினால் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்று நினைக்கவேண்டாம். குரல் 8 கேபிபிஎஸ்தான், ஆனால் 20 பைட் குரலுக்கு அதே 40 பைட் தலைப்பு. விபிஎன் இல்லாமலே 24 கேபிபிஎஸ் ஆகும். அந்தக் கோடெக்கில் ஃபேக்ஸ் போகாது. மெனுவில் அழுத்தும் இலக்கங்களும் குரலோடு கலந்து போனால் சிதையும். அவற்றை ஆர்எஃப்சி 4733 என்ற இணையத் தரநிலை முறையில் தனி பாக்கெட்டாக அனுப்பவேண்டும்.

குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரை குத்துவதோடு நிறுத்தாதீர்கள். பொது இணையத்தில் அந்த முத்திரையை மதிப்பார்கள் என்ற உறுதி இல்லை. ரூட்டரில் அப்லோட்டை 1.8 அளவுக்கு நீங்களே கட்டுப்படுத்தினால்தான் வரிசை உங்கள் கையில் நிற்கும், முன்னுரிமையும் பலிக்கும். ட்ரங்க்கில் 12 என்று ஒரு உச்சவரம்பு வையுங்கள். இடம் போதாத இணைப்பில் கூடுதலாக ஒருவர் நுழைந்தால் அவர் குரல் மட்டும் கெடாது, எல்லோருடையதும் கெடும்.

கேள்வி: ஊழியர் கிளை மாறும்போது பழைய எக்ஸ்டென்ஷனையே கொண்டுபோகக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். 2145 மூன்றாவது கிளையில் உட்கார்ந்தால், அந்த ஒரு எண்ணுக்காக எல்லாச் சர்வரிலும் தனி விதி எழுதவேண்டும். இப்படிப் பத்து விதிவிலக்கு சேர்ந்தபின் முதல் இலக்கத்துக்குப் பொருளே இருக்காது. புதுக் கிளையில் புது எண் கொடுத்து, பழைய எண்ணை 60 நாள் ஃபார்வர்ட் செய்யுங்கள். வெளியிலிருந்து நேராக வரும் எண் மட்டும் அவரோடு போகட்டும். அதை எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் திருப்பலாம்.

இதைவிடப் பெரிய காரணம் அவசர அழைப்பு. அது போன் இருக்கும் கிளையின் சொந்த வெளி லைனில்தான் போகவேண்டும். எண்ணைப் பார்த்து ‘2இல் தொடங்குகிறது, தலைமை அலுவலகம்’ என்று அங்கிருந்து அனுப்பினால், ஆம்புலன்ஸ் தவறான ஊருக்குப் போகும். அவசர எண்ணை முன்னொட்டு ஏதுமின்றி அழுத்தும்படியும் வையுங்கள். அமெரிக்காவில் பல லைன் அமைப்புகளுக்கு இது 2018இல் சட்டமாகவே வந்துவிட்டது.

கேள்வி: மின்சாரம் போய் வந்தபின் சில போன்கள் 403 என்று காட்டிப் பதிவாக மறுக்கின்றன. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது.

ஆஸ்டரிஸ்க்கின் சிப் பகுதியான பிஜேசிப்பில், ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு எத்தனை பதிவு என்று சொல்லும் மேக்ஸ் கான்டாக்ட்ஸ் 1 என்றும், பழைய பதிவை நீக்கச் சொல்லும் ரிமூவ் எக்சிஸ்டிங் ‘நோ’ என்றும் இருக்கும். போன் புது முகவரியோடு வருகிறது, பழைய பதிவு இன்னும் காலாவதியாகவில்லை, இரண்டாவதற்கு இடமில்லை. ரிமூவ் எக்சிஸ்டிங்கை ‘எஸ்’ ஆக்குங்கள். பதிவின் ஆயுள் 3600 விநாடி என்பதால்தான் உங்களுக்குச் சரியாக ஒரு மணி நேரம் ஆனது.

கேள்வி: வரவேற்பாளரின் போனில் பிற கிளை ஊழியர்களின் பிஸி விளக்கு எரிவதில்லை.

விளக்கு எரிய, அந்த எக்ஸ்டென்ஷனின் நிலை வரவேற்பாளர் பதிவாகியிருக்கும் சர்வருக்குத் தெரியவேண்டும். ட்ரங்க் அழைப்பைச் சுமக்கும், நிலையைச் சுமக்காது. ஆஸ்டரிஸ்க் சர்வர்கள் ஒரே லேனில் (அலுவலக உள் நெட்வொர்க்கில்) இருந்தால் கோரோசிங்க், கிளைகளுக்கு இடையே என்றால் எக்ஸ்எம்பிபி அல்லது சிப் பப்ளிஷ் வழியாக நிலையைப் பகிரலாம். வரவேற்பாளருக்கும் இரண்டு செயலாளர்களுக்கும் மட்டும் செய்யுங்கள். எல்லோருக்கும் எல்லா விளக்கும் என்றால் பயனில்லாத செய்திகளே ஓடும்.

50 விளக்கின் நிலையை ஒரே பட்டியலாக அனுப்பினால் செய்தி பெருத்துவிடும். 1300 பைட்டைத் தாண்டும் கோரிக்கையை யுடிபியில் அனுப்பாமல் டிசிபி போன்றதொன்றில் அனுப்பச் சொல்கிறது ஆர்எஃப்சி 3261. யுடிபியிலேயே விட்டால் விபிஎன்னில் துண்டாகி, ஒரு துண்டு தொலைந்து, விளக்குகள் பாதியில் உறைந்து நிற்கும்.

கேள்வி: வேலையை விட்டவரின் எக்ஸ்டென்ஷனை மறுநாளே புதியவருக்குக் கொடுக்கலாமா?

எண்ணுக்குப் பஞ்சமில்லையென்றால் 90 நாள் ஓய்வு கொடுங்கள். பஞ்சம் என்றால் குறைந்தது வாய்ஸ்மெயிலை அழித்து, ஃபார்வர்ட், ரிங் குரூப், க்யூ மூன்றிலிருந்தும் எடுத்து, சிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கடைசியைத்தான் மறப்பார்கள். பழையவரின் கைப்பேசிச் செயலி வீட்டிலிருந்து பதிவாகிக்கொண்டே இருக்கும், புதியவருக்கு வரும் அழைப்புக்கு அங்கேயும் மணி அடிக்கும்.

கேள்வி: சர்வர் தலைமையில் மட்டும். இணைப்பு அறுந்தால் கிளைக்குள் அடுத்த அறைக்குக்கூடப் பேச முடிவதில்லை.

போனில் இரண்டாவது சர்வர் முகவரி என்று ஓர் இடம் காலியாக இருக்கும், அதற்குத்தான். கிளையில் ஒரு சிறு பிபிஎக்ஸ் அல்லது தனித்தியங்கும் கேட்வே வைத்து, அந்தக் கிளையின் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் அதில் ஏற்றி, ஒரு வெளி லைனையும் அதில் நேராகச் செருகுங்கள். பதிவின் ஆயுளை 3600இலிருந்து 120 விநாடிக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால், யாரும் எண் அழுத்தாதவரை, தலைமை போய்விட்டதைப் போன் உணரவே ஒரு மணி நேரம் ஆகலாம். 25 போன் உள்ள கிளைக்கு இந்தக் கூடுதல் பதிவுச் சுமை ஒன்றுமே இல்லை.

அமைத்தபின் ஒரு மாலை ரூட்டரின் வெளிக் கேபிளைப் பிடுங்குங்கள். மூன்று நிமிடம் பொறுத்து, பக்கத்து அறைக்கு ஒரு அழைப்பு, வெளி எண்ணுக்கு ஒன்று. பிறகு கேபிளைச் செருகி, எல்லாப் போனும் தலைமைக்குத் திரும்பிவிட்டதா என்று பதிவுப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள். போகாததைவிட, போய்விட்டுத் திரும்பாத போன்கள்தான் அதிகம் இருக்கும். அவற்றில் முதல் சர்வருக்குத் திரும்பும் நேரத்தைத் தனியாகக் குறிக்கவேண்டியிருக்கும்.